மனோரமாவின் செவி

நகை என்னும் மெய்ப்பாடு பிறப்பதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடம் ஆகிய நான்கு நிலைக்களன்களை வகுத்த தொல்காப்பியர் எள்ளலையே முதலில் வைத்தாரெனினும், எவரையும் எள்ளாமல் ஒரு சபை முழுவதையும் சிரிக்கவைக்கும் சாமர்த்தியம் கைவரப் பெற்றவர்களே ஹாஸ்யக் கலையில் உயர்ந்த ஸ்தானத்துக்கு உரியவர்கள் என்பது என் நெடுநாளைய எண்ணம். அந்த எண்ணத்துக்கு உதாரணம் கேட்பவர்களிடம் நான் முதலிற் சொல்லும் பெயர் மனோரமா. வட்டார வழக்கைப் பேசிக் காட்டும் நடிகர்களிற் பலர், அந்த வழக்குக்கு உரிய மக்களை ஒரு படி கீழே நிறுத்திவிட்டுத்தான் சிரிப்பை வாங்குகிறார்கள். மனோரமாவோ எந்த ஊர்ப் பேச்சை எடுத்துக்கொண்டாலும், அந்த ஊரார் தங்கள் வீட்டுப் பெண் என்று உரிமை கொண்டாடும்படியாகப் பேசினார். அவருடைய நாவன்மையை எல்லாரும் புகழ்கிறார்கள்; அந்த நாவுக்குத் தாயாக இருந்த செவியைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

1937ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. கணவரின் ஆதரவை இழந்த தாயார் ராமாமிர்தம், குழந்தையோடு காரைக்குடியை அடுத்த பள்ளத்தூருக்கு வந்து, பிறர் வீடுகளில் வேலை செய்து குடும்பத்தை நடத்தினார். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்ட அச்சிறுமி, பன்னிரண்டு வயதளவில் நாடக மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரும் மேடை தந்ததே. பிறர் வீட்டு முற்றத்தில் வளரும் குழந்தைக்கு, எந்தக் குரலில் சினம் மறைந்திருக்கிறது, எந்தக் குரலில் தயை கனிந்திருக்கிறது என்பதைக் கேட்ட மாத்திரத்தில் கண்டுகொள்வது விளையாட்டன்று, ஜீவனோபாயம். தஞ்சைச் சீமையின் பேச்சுக்கிடையே பிறந்து, செட்டிநாட்டுப் பேச்சுக்கிடையே வளர்ந்த அவருடைய செவி, ஏட்டுக் கல்வி கொடுக்க முடியாத ஒரு பயிற்சியை அந்த முற்றங்களிலேயே பெற்றிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் அவரை ‘ஆச்சி’ என்றே அழைத்தது. பிறந்த மண்ணின் சொல்லால் அல்லாமல், வளர்த்த மண்ணின் சொல்லால் அழைக்கப்படும் பேறு எல்லாக் கலைஞருக்கும் வாய்ப்பதில்லை.

மேடையில் எஸ். எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் தேர்ச்சி பெற்றவரை, 1958இல் தாம் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவைப் பாத்திரம் கொடுத்துத் திரைக்கு அழைத்து வந்தவர் கவிஞர் கண்ணதாசன். 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தாரெனினும், அவர் தமக்கெனத் தேர்ந்துகொண்ட ராஜபாட்டை ஹாஸ்யமே.

அக்காலத் தமிழ்ப் படங்களில் ஹாஸ்யத்துக்குக் கிடைத்த இடம் விசித்திரமானது. மூலக் கதை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, அதனோடு ஒட்டியும் ஒட்டாமலும், நான்கைந்து நிமிஷங்களுக்குள் தொடங்கி முடியும் சிறு சிறு காட்சிகளாக அது வரும். ஸ்பெஷல் நாடகங்களில் பபூனும் நடனப் பெண்ணும் நடத்திவந்த தர்க்கத்தின் வாரிசு இது. என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும், காளி என். ரத்தினமும் சி. டி. ராஜகாந்தமும், தங்கவேலுவும் எம். சரோஜாவும் இந்தச் சிறு வடிவத்துக்குச் செல்வாக்குத் தேடித் தந்தார்கள். அமெரிக்காவில் ரூத் டிரேப்பர் என்னும் நடிகை, தாமே எழுதிய தனிமொழிகளைக் கொண்டு, வெறும் மேடையில் பற்பல மாந்தரை உலவவிட்டுப் புகழ் பெற்றார் என்பர். அவருக்கு மேடை முழுவதும் சொந்தம். நம் நடிகைகளுக்கோ, பிறர் எழுதிய வசனமும், பிறர் கதையில் இரவல் பெற்ற சில நிமிஷங்களும்தாம் உண்டு. அந்தக் குறுகிய எல்லைக்குள் ஒரு பெண்ணின் ஊர், தொழில், வயது, அவள் அடக்கிவைத்திருக்கும் ஆசை ஆகிய யாவற்றையும் முதல் இரண்டு வாக்கியங்களிலேயே நிறுவிவிட வேண்டும் என்றால், அதற்குப் பேச்சைவிடச் சிறந்த கருவி வேறில்லை.

அக்கருவியை மனோரமா கையாண்ட நேர்த்தியை அறிய விரும்புவோர், ஓராண்டு இடைவெளியில் வெளிவந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பது நலம். கே. பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) படத்தில் அவர் நாகேஷுக்கு ஜோடியாக முத்துக்குளிக்கும் கடற்கரைப் பெண். ‘பொம்மலாட்டம்’ (1968) படத்தில் சோவுடன் சேர்ந்து சென்னை பாஷை பேசும் பெண். முன்னதில் வாக்கியத்தின் கடைசி அசை நீண்டு, அலைபோல் எழும்பி விழுகிறது. கேள்விகூட ஒரு செல்லச் சிணுங்கலாகவே முடிகிறது. பின்னதில் சொற்களின் வால் விழுங்கப்படுகிறது. முதல் அசையில் ஓர் அடி, பிறகு ஓட்டம். முத்துக்குளிக்கும் பாட்டில் அவருக்குப் பின்னணி பாடியவர் எல். ஆர். ஈஸ்வரி, சென்னை பாஷைப் பாட்டைப் பாடியவரோ மனோரமாவே. பேச்சிலிருந்து பாட்டுக்கு அவர் தாவும் இடத்தில் தையல் சிறிதும் தெரிவதில்லை. ராகத்துக்காக உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளாமல், உச்சரிப்பின் போக்கிலேயே ராகத்தை நடத்திச் செல்லும் துணிவு அவரிடம் இருந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின் ‘சின்ன கவுண்டர்’ (1992) படத்தில், பொய்ப் பல்லைப் பொருத்திக்கொண்டு, கொங்கு நாட்டுத் தாயாக வந்தபோது, மரியாதை விகுதியோடு நிதானமாக அடியெடுத்து வைக்கும் அந்தச் சீமைப் பேச்சும் அவருக்குச் சுபாவமாகவே அமைந்தது.

பேச்சு மாறும்போது உடலும் மாறியது என்பதே இதில் உள்ள நுட்பம். சென்னைப் பெண்ணாக நிற்கையில் இடுப்பில் செருகிய முந்தானையும் முன்னுக்கு வரும் தோளும், கொங்குத் தாயாக அமர்கையில் தளர்ந்த கழுத்தும் நிலத்தில் ஊன்றிய கையும் வேறு வேறு மூச்சுக்கு உரியவை. ஒவ்வோர் ஊரும் தன் பேச்சுக்கேற்ற மூச்சை வைத்திருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டவருக்குச் சொல் தானே வந்து சேரும்.

இதை நான் நூலிற் படித்து அறியவில்லை. எங்கள் தேன்கனிக்கோட்டை எனக்குக் கற்பித்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே வீதியில் குடியிருக்கும் ஊர் இது. பேட்டராய சுவாமியின் தேர்த் திருநாளில் கூடும் ஜனங்களின் பேச்சைக் கேட்டால், தெலுங்கில் குசலம் விசாரித்து, கன்னடத்தில் விலை பேசி, தமிழில் பேரத்தை முடிக்கிறவர்களைக் காணலாம். இத்தகைய ஊரில், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத பாட்டிமார்கள்கூட மனோரமாவைத் திரையிற் கண்டதும் கண்ணில் நீர் வரச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். சென்னை பாஷையின் கொச்சைச் சொற்களில் பாதிக்கு மேல் அவர்களுக்கு விளங்கியிருக்க நியாயமில்லை. ஆனால் அதட்டலுக்குள் ஒளிந்திருக்கும் அச்சமும், வீறாப்புக்குள் ஒளிந்திருக்கும் வாஞ்சையும் எந்தப் பாஷைக்காரருக்கும் விளங்காமற் போவதில்லை. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின், நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகளின் பேச்சு எங்கள் பஸ்களிலும் ஒலிக்கத் தொடங்கியபோது, அவற்றிற் பெரும்பாலானவை எங்களுக்கு முன்பே பரிச்சயமானவையாய் இருந்தன. அந்த ஊர்களை நாங்கள் காணுமுன்பே ஆச்சியின் குரல் அவற்றை இங்கே கொண்டு வந்து சேர்த்திருந்தது.

அவருடைய சிருஷ்டிகளுள் சிகரம் எதுவென்றால், ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணியையே சொல்வேன். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய நவீனத்தை ஏ. பி. நாகராஜன் படமாக்கியபோது, சிவாஜி கணேசனும் பத்மினியும் பாலையாவும் நாகேஷும் நிறைந்திருந்த அச்சபையில், நாடகக் கொட்டகை நடிகையாக வந்தவர் மனோரமா. மேடை நடிகையாய் இருந்தவரே மேடை நடிகையாக நடிப்பது எளிதென்று தோன்றும். உண்மையில் அதுவே கடினம். தம் பழைய தோழியரின் குலுக்கையும் கொஞ்சலையும் மிகைப்படுத்திக் கேலிக்குரியவளாக அவளை ஆக்கிவிட வழி இருந்தது; அந்த வழியில் அவர் செல்லவில்லை. நாதஸ்வரத்தைக் கண்டு குழந்தைபோல் வியக்கும் ரமாமணியின் பேதைமையில் நாம் சிரிக்கிறோம். மறுகணமே, பெரிய வித்துவானிடம் அவள் காட்டும் பக்தியிலும், பிறர் சந்தேகத்துக்கு ஆளாகியும் குன்றாத பெருந்தன்மையிலும் தலை வணங்குகிறோம். அறிவில் நம்மைவிடக் குறைந்தவளாகத் தோன்றிய ஒருத்தி, குணத்தில் நம்மைவிட உயர்ந்து நிற்கக் காணும் அநுபவம் அது. தொல்காப்பியர் கூறிய பேதைமையும் இளமையும் எள்ளலின் துணையின்றியே எத்தகைய நகையைப் பிறப்பிக்க வல்லவை என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கியம் திரையில் இல்லை.

பின்னாளில் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தின் வேலைக்காரி கண்ணம்மா, ‘நடிகன்’ (1990) படத்தில் கிழவேடம் பூண்டவனிடம் மனத்தைப் பறிகொடுக்கும் முதிர்கன்னி என்று எத்தனையோ பெண்கள் அந்த ஒரு உடலில் குடிபுகுந்தார்கள். பிறர் வீட்டில் வேலை செய்த தாயின் மகள், வேலைக்காரிப் பாத்திரத்துக்கு அளித்த கௌரவம் கண்ணம்மாவின் நிமிர்ந்த பேச்சிலே தெரியும். ‘புதிய பாதை’ (1989) அவருக்குத் தேசிய விருதையும், 2002ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டத்தையும் கொண்டு வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்று கின்னஸ் ஏட்டில் பெயர் பெற்றார். அண்ணாதுரை, கருணாநிதி, எம். ஜி. ஆர்., என். டி. ராமராவ், ஜெயலலிதா எனப் பின்னர் முதலமைச்சரான ஐவருடன் மேடையிலும் திரையிலும் நடித்த அவர், 2015 அக்டோபர் 10ஆம் நாள் தமது 78ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

அவர் காட்டிய பாதை அடைபட்டுவிடவில்லை. ‘சதி லீலாவதி’ (1995) படத்தில் கமல்ஹாசனுக்கு மனைவியாக வந்து, கொங்குப் பேச்சின் கம்பீரத்தையும் கண்ணீரையும் ஒருங்கே காட்டிய கோவை சரளா அப்பாதையின் தக்க வாரிசு. இன்று தொலைக்காட்சி மேடைகளிலும் குரல் மாற்றிப் பேசும் இளம்பெண்கள் பலர் இருக்கிறார்கள், திறமைக்குக் குறைவில்லை. புகழ்பெற்றோரின் குரலைப் பயிலும் அவர்கள், அதே சிரத்தையோடு பெயரற்ற மாந்தரின் குரலையும் பயில வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சென்னைக்கும் நெல்லைக்கும் கொங்குக்கும் கிடைத்த கண்ணாடி, நான்கு பாஷைகள் உராய்ந்து பிறந்த எங்கள் எல்லைச் சீமைப் பேச்சுக்கு இன்னும் உரிய அளவில் கிடைத்தபாடில்லை. தளியிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ கேளமங்கலத்திலிருந்தோ ஒரு பெண் துணிந்து புறப்பட்டு, கேழ்வரகுக் களத்திலும் ரோஜாத் தோட்டத்திலும் தொழிற்சாலை வாயிலிலும் ஒலிக்கும் இப்பேச்சை, எள்ளாமல், குறைக்காமல், அதன் மூச்சோடு மேடையேற்றுவாளாயின், ஆச்சியின் கலைக்கு அதைவிடச் சிறந்த மரியாதை வேறொன்று இருக்க முடியாது.