டெபோரா ஆட்லரின் சேஃப் ஆர்எக்ஸ்: ஒரு மாணவர் திட்டத்தின் வெற்றியும் எல்லையும்

சேஃப் ஆர்எக்ஸ் என்பது அமெரிக்க வரைகலை வடிவமைப்பாளர் டெபோரா ஆட்லர், நியூயார்க் நகரின் ஸ்கூல் ஆஃப் விசுவல் ஆர்ட்ஸ் கல்லூரியில் முதுகலை மாணவியாக இருந்தபோது, 2002-ஆம் ஆண்டில் இறுதித் திட்டமாக உருவாக்கிய மருந்துக் குப்பி மற்றும் லேபிள் வடிவமைப்பாகும். டார்கெட் என்னும் பல்பொருள் அங்காடி நிறுவனம் இதை ஏற்று வளர்த்தெடுத்து, 2005-இல் கிளியர் ஆர்எக்ஸ் என்ற பெயரில் தன் மருந்துக்கடைகளில் அறிமுகப்படுத்தியது. ஒரு மாணவர் திட்டம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இது அடிக்கடி சொல்லப்படுகிறது.

அந்தப் புகழ் தகுதியானதே. ஆயினும் இத்திட்டத்தில் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று அச்சு, மற்றொன்று வணிகக்குறி, அதாவது பிராண்ட். அச்சில் ஆட்லர் கண்டடைந்த முறை இன்றும் நிற்கிறது. வணிகக்குறியோ குப்பியை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பின்னர் அது மறைந்துபோகவும் காரணமாயிற்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் திட்டத்தின் உண்மையான மதிப்பு விளங்கும்.

பின்னணி

அமெரிக்காவில் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள் பெரும்பாலும் அட்டையாக விற்கப்படுவதில்லை. மருந்தாளுநர் மாத்திரைகளை எண்ணி, செம்பழுப்பு நிறமுள்ள உருளையான பிளாஸ்டிக் குப்பியில் போட்டு, நோயாளியின் பெயரும் மருந்தின் பெயரும் அச்சிட்ட லேபிளை ஒட்டித் தருவார். ஒரே வீட்டில் நான்கு பேர் மருந்து சாப்பிட்டால் நான்கு பேரின் குப்பிகளும் ஒரே தோற்றத்தில் இருக்கும். மாத்திரையைப் பற்றி நோயாளி அறிய வேண்டியது அனைத்தும் அந்தச் சிறு காகிதத்தில்தான் உள்ளது.

ஆட்லரின் பாட்டி ஒருமுறை தவறுதலாகத் தன் கணவரின் மாத்திரைகளை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். இருவர் குப்பிகளும் ஒன்றுபோல இருந்ததே அதற்குக் காரணம். இந்தக் குடும்ப நிகழ்ச்சிதான் திட்டத்தின் தொடக்கம். பாட்டியின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடாமல், குப்பியின் குறை என்று ஆட்லர் எடுத்துக்கொண்டார். திட்டத்தின் முதல் பலம் இந்தப் பார்வை மாற்றத்தில் இருக்கிறது.

அச்சு வேலை

பழைய லேபிளில் ஆட்லர் கண்ட குறைகள் பல. லேபிளின் அமைப்பு கடைக்குக் கடை மாறியது. எழுத்துகள் மிகச் சிறியவை. உருளையான பரப்பில் ஒட்டியிருந்ததால் ஒரு வரியைப் படித்து முடிக்கக் குப்பியைத் திருப்ப வேண்டியிருந்தது. எண்கள் விளக்கமின்றி நின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, லேபிளில் பெரிதாகத் தெரிந்தது மருந்துக்கடையின் இலச்சினை. மருந்தின் பெயர் அதற்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது.

இதற்கு அவர் கண்ட தீர்வு எளிமையானது. லேபிளின் குறுக்கே ஒரு கோடு. மருந்தின் பெயர், அளவு, உட்கொள்ளும் முறை ஆகியவை கோட்டுக்கு மேலே, பெரிய எழுத்தில். மாத்திரைகளின் எண்ணிக்கை, காலாவதி நாள், மருத்துவரின் பெயர் போன்றவை கோட்டுக்குக் கீழே. எதை முதலில் படிக்க வேண்டும், எதைத் தேவைப்படும்போது தேடினால் போதும் என்பதை அந்த ஒரு கோடு சொல்லிவிடுகிறது. அச்சு வடிவமைப்பில் படிநிலை என்று வகுப்பறையில் கற்பிக்கப்படுவது, இங்கே ஒருவர் சரியான மாத்திரையை எடுப்பதற்கான வழியாக மாறுகிறது.

சிறு முடிவுகளிலும் இதே கவனம் தெரிகிறது. ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்பதற்கான 'ஒன்ஸ்' என்ற சொல்லின் எழுத்துகள், ஸ்பானிய மொழியில் 'பதினொன்று' என்று பொருள் தரும். ஸ்பானிய மொழி பேசுவோர் மிகுந்த நாட்டில் இது விபரீதம். எனவே 'நாள்தோறும்' என்ற பொருள் தரும் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டது. வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும் என்பதைக் குறிக்கும் பழைய படம் ஆட்லரின் கண்ணுக்குப் பெட்ரோல் தொட்டி போலத் தெரிந்தது. மூத்த வடிவமைப்பாளர் மில்டன் கிளேசருடன் சேர்ந்து, முக்கியமான 25 எச்சரிக்கைப் படங்களை அவர் திருத்தி வரைந்தார்.

குப்பியும் வணிகக்குறியும்

கல்லூரியில் ஆட்லர் செய்த மாதிரிக் குப்பி அப்படியே கடைக்குப் போகவில்லை. தொழில்துறை வடிவமைப்பாளர் கிளாஸ் ராஸ்பர்க் அதைத் தலைகீழாக்கினார். குப்பி தன் மூடியின்மீது நின்றது. தட்டையான பக்கங்களில் லேபிள் மேலிருந்து இருபுறமும் மடிந்து இறங்கியது. மருந்தின் பெயர் உச்சியிலும் அச்சிடப்பட்டதால், இழுப்பறையில் வைத்திருந்தாலும் படிக்க முடிந்தது. கழுத்தில் மாட்டும் ரப்பர் வளையம் ஆறு நிறங்களில் வந்தது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். பாட்டிக்கு நேர்ந்த தவறுக்கு நேரடியான விடை இந்த வளையம்தான். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2005-இல் நடத்திய, பாதுகாப்பும் வடிவமைப்பும் பற்றிய கண்காட்சியில் இக்குப்பி இடம்பெற்றது.

குப்பியின் நிறம் சிவப்பு. சிவப்பு எச்சரிக்கையின் நிறம் என்பது ஒரு விளக்கம். டார்கெட் நிறுவனத்தின் நிறமும் அதுவே. லேபிளின் உச்சியில் கடையின் பெயரைப் பெரிதாக அச்சிடுவதை எதிர்த்துத் தொடங்கிய திட்டம், முழுக் குப்பியுமே ஒரு கடையை நினைவூட்டும் பொருளாக முடிந்தது. இலச்சினை லேபிளில் பணிந்து நின்றது; அதன் வேலையை நிறமும் வடிவமும் எடுத்துக்கொண்டன.

இதைக் குற்றமாக மட்டும் கொள்ள முடியாது. ஒரு பெரிய நிறுவனத்துக்குத் தன்னைப் போட்டியாளரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் ஆசை இல்லாதிருந்தால், குப்பி ஆட்லரின் மேசையைத் தாண்டியிருக்காது. புதிய அச்சுகள், புதிய லேபிள்கள், மருந்தாளுநர்களுக்குப் பயிற்சி என்று செலவு நீளும். அந்தச் செலவுக்கு வணிகக்குறி ஒரு காரணம் கொடுத்தது. ஆனால் கொடுத்த காரணம் நீங்கும்போது பொருளும் நீங்கும்.

2015-இல் டார்கெட் தன் 1,672 மருந்துக்கடைகளை ஏறத்தாழ 190 கோடி டாலருக்குச் சி.வி.எஸ். நிறுவனத்திடம் விற்றது. குப்பியின் காப்புரிமைகள் டார்கெட்டின் பெயரில் இருந்தன. அடுத்த ஆண்டிலேயே கிளியர் ஆர்எக்ஸ் நின்றுபோய், வழக்கமான உருளைக் குப்பி திரும்பி வந்தது. பழைய சிவப்புக் குப்பியைக் கேட்டு வாடிக்கையாளர்கள் சமூக ஊடகங்களில் முறையிட்டது செய்தியானது. வளையத்தின் நிறத்தைப் பார்த்தே தன் மருந்தை எடுத்துப் பழகிய முதியவருக்கு, இரு நிறுவனங்களுக்கு இடையே நடந்த விற்பனை தன் அலமாரிவரை வரும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அளவிட்டபோது

கிளியர் ஆர்எக்ஸ் பற்றி மருத்துவ ஆய்வாளர்கள் செய்த ஆய்வொன்று 2009-இல் வெளியானது. நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்போர், புதிய லேபிள் வந்த பிறகு மருந்தை விடாமல் தொடர்ந்து வாங்குகிறார்களா என்று அது பார்த்தது. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை.

இம்முடிவு திட்டத்தைத் தோல்வி ஆக்கிவிடாது. ஒருவர் மருந்தை நிறுத்துவதற்கு விலை, பக்கவிளைவு, மறதி, அலுப்பு என்று பல காரணங்கள் உண்டு. லேபிள் அவற்றைத் தீர்க்காது. தவறான குப்பியை எடுப்பதைத் தடுப்பதே ஆட்லரின் நோக்கம். அந்த ஆய்வு அதை அளக்கவில்லை. எனினும் நல்ல வடிவமைப்பு நோயாளியின் பழக்கத்தையே மாற்றிவிடும் என்ற மிகையான பேச்சுக்கு இது ஒரு கடிவாளம். படிக்க எளிதாக இருப்பது ஒன்று. படித்தவர் அதன்படி நடப்பது வேறொன்று.

எஞ்சி நிற்பது

குப்பி போனாலும் லேபிளின் கருத்து போகவில்லை. நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், உட்கொள்ளும் முறை ஆகியவற்றை முன்னிறுத்தி, மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளும் லேபிள் முறையை அமெரிக்க மருந்தியல் தரநூல் வகுத்தது; அது 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அதைக் கட்டாயமாக்குவது அந்தந்த மாநிலத்தின் கையில் உள்ளது. ஆட்லர் வரைந்த கோட்டின் தர்க்கம் இங்கே யாருடைய வணிகக்குறியும் இல்லாமல் வெளிப்படுகிறது. 2017-இல் சி.வி.எஸ். நிறுவனமும் ஆட்லரையே அழைத்து, காலை, நண்பகல், மாலை, இரவு என்று வேளைகளைப் படங்களால் காட்டும் அச்சு முறையை அறிவித்தது. சிவப்புக் குப்பியைக் கைவிட்ட நிறுவனத்துக்கும் அதை வடிவமைத்தவரின் அச்சறிவு தேவைப்பட்டது.

வணிகக்குறி, அச்சு ஆகிய துறைகளில் இறுதித் திட்டம் செய்யும் மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மாணவர் தொகுப்புகளில் பொதுவாக முதலில் இலச்சினை வரும்; பிறகு அந்த இலச்சினை பையிலும் கோப்பையிலும் சுவரொட்டியிலும் ஒட்டிக் காட்டப்படும். ஆட்லர் எதிர்த்திசையில் தொடங்கினார். ஒருவர் எதைப் படிக்கத் தவறினார் என்று கேட்டு, அதிலிருந்து எழுத்தின் அளவுக்கும் சொல்லின் தேர்வுக்கும் வந்தார். அதனால்தான் நிறமும் வடிவமும் பறிபோன பின்னும் அவருடைய திட்டத்தில் எடுத்துக்கொள்ள ஏதோ மிஞ்சியது. ஒரு திட்டத்தை மதிப்பிடும் ஆசிரியரும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம்: நிறுவனத்தின் பெயரை நீக்கிவிட்டால், படிப்பவருக்குப் பயன்படும்படி அந்தத் தாளில் என்ன மிஞ்சுகிறது?