வெள்ளிக்கிழமை விடுமுறை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. என் அப்பா வேலை பார்த்த தோல்ஷாப்புக்கும் வெள்ளிதான் லீவு. ஆறு நாள் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர் ஏழாம் நாள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேப்பர் பார்க்கப் போனால் பூட்டு தொங்கும். மற்ற நாட்களில் அவர் ஷாப்பை விட்டு வெளியே வரும்போது நூலகர் விளக்கை அணைத்திருப்பார். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. சதி என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் ஒரு நிறுவனம் யாரைத் தன் வாசகனாகக் கற்பிதம் செய்கிறது என்பதை அதன் கொள்கை அறிக்கையில் தேடிப் பயனில்லை. கதவில் மாட்டியிருக்கும் நேரப்பலகையைப் பார்த்தால் போதும்.

நூலகம் மக்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற சொல்லாடல் இப்போது பலமாகக் கேட்கிறது. 'விரிவாக்கப் பணி' என்பது நூலகத் துறையார் இதற்கு வைத்திருக்கும் பெயர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் இந்த விரிவாக்கம் எப்படி நடக்கிறது? நவம்பர் 14இல் தேசிய நூலக வாரம். ஒரு ஷாமியானா, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி, பிரமுகர் கையால் டிபன் பாக்ஸ் பரிசு, போட்டோ. 1000 ரூபாய் கட்டிப் புரவலரானவர்களின் பெயர்கள் சுவரில் ஒரு பலகையாக ஏறுகின்றன. எங்கள் ஊர்ப் பலகையில் தோல் மண்டிக்காரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். இருக்கட்டும், கொடுத்தவர்கள்தானே. ஆனால் கொடுத்தவர்கள் அவர்கள் மட்டும்தானா?

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன் உயிர் நூலக வரியில் இருக்கிறது. வீட்டு வரியோடு சேர்த்து ஊராட்சியும் நகராட்சியும் வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டிய பணம் அது. இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. சேரியில் ஓட்டு வீட்டுக்காரன் கட்டும் ரசீதிலும் அந்தப் பத்துப் பைசா இருக்கிறது. வாடகைக்கு இருக்கிறவன் வாடகைக்குள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் பெயருக்குச் சுவரில் பலகை இல்லை. உரிமையாக இருக்க வேண்டியதைத் தருமமாகக் காட்டுவதில் இந்தப் பலகைக்கு ஒரு பங்கு உண்டு.

சட்டத்துக்குப் பின்னால் எஸ்.ஆர். ரங்கநாதனின் நீண்ட முயற்சி இருந்தது. 1931இல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாயின. முதல் விதியை விளக்கும்போதே நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்ற கேள்விகளுக்குள் இறங்கிவிடுகிறார் அவர். நேரப்பலகை அற்ப விஷயமல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே 1931இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. கொண்டாட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வண்டி ஊர் ஊராகப் போனது என்று எழுதிப் பழகிவிட்டோம். 'ஊர்' என்ற சொல்லே சேரியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் பொருள்படுகிறது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் வந்தபோது எங்கள் பக்கத்துக் கிராமத்திலும் ஒன்று கட்டினார்கள். கோயிலுக்கு எதிரே, ஊருக்குள். காலனிப் பிள்ளைகள் அதன் வாசலில் செருப்பைக் கழற்றலாமா, கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாமா என்று யோசித்தபடியே தாண்டிப் போனார்கள். பிறகு அது பூட்டிக் கிடந்தது. அந்த அளவில் சமத்துவம் வந்தது.

தேடிச் செல்வது என்ற பேச்சுக்குள் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது. அங்கே ஒன்றுமில்லை, இங்கிருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது அது. வட ஆர்க்காட்டு வரலாறு இதை ஒப்புக்கொள்ளாது. எங்கள் தாத்தாக்கள் ஜோலார்பேட்டையில் ரயிலேறி மாரிக்குப்பம் போய்த் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். 1907இல் அயோத்திதாசர் ஒரு பைசா விலையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்கு அங்கே வாசகர்கள் இருந்தார்கள், சந்தா இருந்தது, சங்கம் இருந்தது, பின்னாளில் அச்சுக்கூடமும் பதிப்பகமும் இருந்தன. அந்த எழுத்துகளைக் காப்பாற்றி வைத்தவை நூலக அலமாரிகள் அல்ல. அன்பு பொன்னோவியம் போன்றவர்களின் சொந்தச் சேகரிப்புதான். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பு பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தபோது நம்மில் பலருக்கு அது புதிய கண்டுபிடிப்பாக இருந்தது. வாசிப்பு நடந்தது, அதன் நினைவை அரசு நூலகம் வைத்துக்கொள்ளவில்லை. பிறகு அதே மக்களிடம் வந்து, 'வாசிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள்!

1865இல் ஹவானாச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் காசு போட்டு ஒரு வாசிப்பாளரை அமர்த்தினார்கள். கை சுருட்டு உருட்டும், காது நாவல் கேட்கும். எதைப் படிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். மறு ஆண்டே அரசு தடை போட்டது என்பதிலிருந்து அதன் வலு புரியும். கண்ணூர் பீடித் தொழிலாளர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகை படிப்பார், அவருக்கான பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். கேரளத்தில் 1945இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலா சங்கம் இத்தகைய மண்ணில்தான் வேர் விட்டது. அங்கே மக்கள் நடத்தினார்கள், அரசு மானியம் தந்தது. இங்கே அரசு நடத்துகிறது, மக்கள் கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறார்கள். எங்கள் நாட்டில் பெருகிய இயக்கப் படிப்பகங்களும் கட்சி மன்றங்களாகிக் கேரம்போர்டோடு முடிந்தன.

இதையெல்லாம் படித்துவிட்டு நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். ஷூ கம்பெனியில் வாசித்துக் காட்ட முடியாது. ஸ்டிச்சிங் ஹாலில் மெஷின் சத்தத்துக்குப் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. காலை கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தருகே ஒரு தையல்காரம்மா வீட்டுத் திண்ணையில் ஒரு டிரங்குப் பெட்டி வைத்தோம். தலித் இலக்கியம், மொழிபெயர்ப்பு ருஷ்ய நாவல், 'தகப்பன் கொடி', எங்கள் சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்கள். பேரணாம்பட்டு அழகிய பெரியவன் எழுதிய நாவல், நம்ம ஊர்க் கதை, பறந்துவிடும் என்று நினைத்தோம். முதல் மாதம் இரண்டு பேர் எடுத்தார்கள்.

மூன்றாம் வாரம் ஒரு அக்கா நின்று சொன்னார்: "கதையெல்லாம் இன்னாத்துக்கு தம்பி? என் பொண்ணு பன்னெண்டாவது. கெமிஸ்ட்ரி கைடு இருந்தா வையி. அப்புறம் பி.எப். பாரம் எப்படி ரொப்புறதுன்னு எதுனா புக்கு கீதா?" இன்னொருவர் உருது பாலபாடம் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் கொண்டுவந்ததை அவர்கள் மதிக்கவில்லை என்ற கோபம். மன்னார்குடி வண்டியைப் பற்றி இவ்வளவு பேசியவன், பெட்டிக்குள் என் ரசனையை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். நூலகம் என்றதும் நமக்கு நூலக ஆணை கிடைத்ததா என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இதை எழுதுகிறவன் அதிலிருந்து தப்பியவன் அல்ல.

கேட்டதை வைத்தோம். அப்போதுதான் கேட்காத ஒன்றும் தெரிந்தது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடு இந்திய நாட்டின் சட்டமாக ஊன்றியது பாலாற்றங்கரைத் தோல் கழிவால்தான். சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. எங்கள் கிளை நூலகத்தில் தமிழில் ஒரு பக்கம் இல்லை. 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து தூக்கத்திலேயே 10 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தச் செய்தித்தாள் நறுக்குகளும் இல்லை. தலைவர்களின் வரலாறுகள் மட்டும் ஐந்தைந்து பிரதி. தீர்ப்பின் சாரத்தை எட்டுப் பக்கத் தமிழில் எழுதி ஜெராக்ஸ் போட்டு பெட்டியில் வைத்தோம். போன பிரதிகளில் பாதி திரும்பவில்லை. அந்தப் பெட்டியில் அதிகம் திருடு போனது அதுதான்.

நேரத்தை மாற்றச் சொல்லி ஒரு மனுவும் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை திறக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது இரவு ஒன்பது வரை. ஆள் பற்றாக்குறை என்று பதில் வந்தது. நூலகர் தனியாகக் கூப்பிட்டு, "சார், நான் தொகுப்பூதியம். எனக்கும் லீவு அந்த ஒரு நாள்தான்" என்றார். அதற்கு நான் என்ன சொல்வது? அவரும் நேரப்பலகைக்குள் மாட்டிக்கொண்டவர்.

தையல்காரம்மா வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். பெட்டி இப்போது பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால். கைடுகள் கிழிந்து திரும்புகின்றன. 'தகப்பன் கொடி' இந்த மாதம் ஏழாவது கைக்குப் போயிருக்கிறது. யார் யாருக்குச் சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.