ஒன்றுமில்லாத பரிசு

யொகான்னஸ் கெப்ளர் பனித்துகளின் அறுகோண வடிவம் பற்றி 1611இல் இலத்தீனில் எழுதிய நூலுக்கு 24 பக்கங்கள்தான். கொலின் ஹார்டியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். அதைத் தேடவைத்தது மகளின் இரசாயனவியல் வீட்டுப்பாடம்.

செப்பில் அணுக்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது கேள்வி. ஒரு கனசதுரப் பெட்டி. எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள். பெட்டிக்குள் அகப்படும் துண்டுகளைச் சேர்த்தால் நான்கு முழுக் கோளங்கள். முகத்தின் மூலைவிட்டத்தில் அவை ஒன்றையொன்று தொடுகின்றன. ஆரம் 1 என்றால் விளிம்பு 2.83, பெட்டியின் கனவளவு 22.63, நான்கு கோளங்களுக்கு 16.76. வகுத்தால் 74 வீதம்.

"அப்பா, 74 எண்டு விளங்குது. இதைவிட நெருக்கமா அடுக்க ஏலாது எண்டு இதில எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. பாடநூல் 'மிக நெருங்கிய பொதிவு' என்று பெயரை வைத்துவிட்டு, ஓர் அடுக்கை மட்டும் அளந்து காட்டுகிறது. கெப்ளரும் அப்படித்தான். இதைவிட அதிகமான உருண்டைகளை வேறெந்த அடுக்கிலும் திணிக்க முடியாது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு மாதுளை விதைகளுக்குத் தாவிவிடுகிறார். நிரூபணம் இல்லை, எண்ணும் இல்லை. தோமஸ் ஹேல்ஸ் 1998இல் கணினியின் துணையோடு அதை நிரூபித்தார். அந்த நிரூபணத்தை வரிவரியாகக் கணினியால் சரிபார்த்து முடித்தது 2014இல்.

ஆனால் நூலின் சுவை இந்த வாக்கியத்தில் இல்லை. சம்பளப் பாக்கியோடு பிராகாவில் இருந்த அரசவைக் கணிதர், நண்பர் வாக்கருக்குப் புத்தாண்டுப் பரிசு தேடிப் பாலம் கடக்கிறார். மேலங்கியில் பனி விழுகிறது. இலத்தீனில் 'நிக்ஸ்' என்றால் பனி. அவருடைய ஜேர்மன் காதுக்கு அது 'ஒன்றுமில்லை'. கையில் ஒன்றுமில்லாதவன் கொடுக்கக்கூடிய பரிசு! பிறகு தேனடை, பட்டாணி, மாதுளை என்று ஒவ்வொரு விடையாக எடுத்து, உரசிப்பார்த்து, வைத்துவிடுகிறார். பூமியின் உருவாக்கும் ஆற்றல் பற்றிய பகுதி இன்று அலுப்பூட்டுகிறது. அதைத் தாண்டி வந்தால், ஏன் ஆறு என்று தனக்குத் தெரியவில்லை என ஒப்புக்கொண்டு கேள்வியை இரசாயனக்காரரிடம் விட்டுவிடுகிறார். நம் கட்டுரைகளில் அப்படி முடிப்பவர்கள் குறைவு. நானும் முடித்ததில்லை.

கெப்ளர் பனியில் தொடங்கி நெருக்கமான அடுக்குக்குப் போனார். பனியோ நெருக்கமாக அடுக்கப்பட்டதே அல்ல. செப்பில் ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அயலவர். பனிக்கட்டியில் ஒரு நீர் மூலக்கூறை ஐதரசன் பிணைப்புகள் நான்கே அயலவரோடு கட்டுகின்றன. மூலக்கூறுகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் கோளங்களாகக் கொண்டால் நிரம்புவது 34 வீதம். மிச்சம் வெற்றிடம். அந்த நான்கு பிணைப்புகள் மூலக்கூறுகளை ஆறு ஆறாக வளையம் கோக்கவைப்பதால்தான் பனித்துகளுக்கு ஆறு மூலை. அதே இடைவெளியால்தான் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. 'ஒன்றுமில்லை' என்று அவர் விளையாட்டாகச் சொன்னதற்கு நூலின் எந்த வாதத்தையும்விட விடை கிட்ட இருந்திருக்கிறது.

மகளிடம் நூலைக் கொடுத்தேன். மாதுளைப் பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறாள். வீட்டுப்பாடத்தில் 74 என்று எழுதி, கீழே ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டார்.