கவிழ்த்துப் பார்க்க வேண்டிய சைக்கிள்

பழைய மவுண்டன் பைக் கைக்கு வந்தால் நான் செய்கிற முதல் வேலை அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பதுதான். பெயின்ட்டை யாரும் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். ஸ்டிக்கரை இன்றைக்கும் புதிதாக அச்சடித்து ஒட்டுகிறார்கள். வயதைச் சொல்வதெல்லாம் கண்ணில் படாத பக்கத்தில் இருக்கிறது.

பின்சக்கரத்தருகே செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டெரெய்லரை எடுத்துக்கொள்வோம். ஷிமானோ நிறுவனத்தின் டெரெய்லர் என்றால், அதன் முதுகில் அப்பியிருக்கும் கரியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் இரண்டு எழுத்துகள் தெரியும். முதலாவது ஆண்டு: 1976 ஏ, அடுத்தது பி என்று வரிசையாகப் போகும். இரண்டாவது மாதம்: ஜனவரி ஏ. ‘கே ஜே’ என்றிருந்தால் 1986 அக்டோபர். அந்த மாதம் வார்த்த பாகம் பெரும்பாலும் 1987 மாடல் வண்டியில்தான் ஏறியிருக்கும். பிறகு பெடலைத் தாங்கும் கிராங்கின் உட்புறம் பார்க்க வேண்டும். அங்கே ‘கே ஐ’ இருந்தால், செப்டம்பரும் அக்டோபரும் பக்கத்துப் பக்கத்தில். தொழிற்சாலையில் ஒன்றாகப் பூட்டிய பாகங்கள் என்று துணிந்து சொல்லலாம். அந்த இரண்டு எழுத்தும் ஒத்துப்போகும் கணத்தில் எனக்கு வரும் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது.

பாகங்களைக் கழற்றி மாற்றிவிடலாம், ஃபிரேமை முடியாது. அதனால் பிறந்த இடத்தை ஃபிரேமிடம்தான் கேட்க வேண்டும். இந்த வண்டி இனத்தின் பூர்வீகம் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டி. 1930, 40களின் கனத்த ஷ்வின் சைக்கிள்களில் மலைப்பாதையில் பாய்ந்து இறங்கிய இளைஞர்கள் 1976 அக்டோபரில் அதையே பந்தயமாக்கினார்கள். அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் அந்த ஓட்டத்துக்கென்று தனி ஃபிரேம் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கடை போட்டபோது அவர்களுக்கு ஃபிரேம் செய்து கொடுத்தவர் டாம் ரிச்சி. ரோடு சைக்கிளுக்காக வார்த்த இணைப்புக் கூடுகள் இந்தக் குழாய்களின் பருமனுக்கும் கோணத்துக்கும் பொருந்தவில்லை. ஆகவே குழாயோடு குழாயைச் சேர்த்துப் பித்தளையை உருக்கி ஊற்றி, அரம் போட்டு வழித்தார். அந்தப் பற்றவைப்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள்: ஒரு குழாய் எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. டிக் வெல்டிங்கில் அப்படி இல்லை, மீன் செதில்போல் வரிவரியாகத் தட்டுப்படும்.

1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் கொண்டுவந்த ஸ்டம்ப்ஜம்பர் ஜப்பானில் செய்தது. அப்போது அமெரிக்கப் பெயர் தாங்கிய பல நல்ல வண்டிகளின் அடியில் ஜப்பான் என்றே இருக்கும். 1985இல் டாலரின் மதிப்பைக் குறைப்பதற்கான பிளாசா ஒப்பந்தம் கையெழுத்தானது. டாலருக்குச் சுமார் 240ஆக இருந்த யென், 1988இல் 130க்குப் பக்கத்தில் வந்தது. ஜப்பானிய வேலை விலை ஏறிவிட, ஆர்டர்கள் தைவானுக்குப் போயின. தைவான் என்று கண்டதும் உதட்டைப் பிதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அந்த ஆண்டுகளின் தைவான் வெல்டிங் பலவற்றை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். சீராக, கை நடுங்காத வேலை.

ஃபிரேமே வயதும் சொல்லும். பெடலுக்குப் பின்னால், செயினோடு ஒட்டிப் போகும் அடிக்குழாய்களின் கீழ் இரண்டு பிரேக் குமிழ்கள் பற்றவைத்திருந்தால் அது 1980களின் பிற்பாதி. யூ-பிரேக்கை அங்கே மாட்டினார்கள். பார்க்க அழகு, ஆனால் டயர் வாரியெடுக்கும் சேறெல்லாம் நேரே அதில்தான் விழும். சில வருஷங்களில் அந்த மோகம் ஓய்ந்தது. இப்படிச் சீக்கிரம் கைவிடப்பட்ட யோசனைதான் வயது பார்ப்பவனுக்குப் பெரிய உதவி. நன்றாக வேலை செய்த பாகம் பதினைந்து வருஷம் மாறாமல் வந்துகொண்டிருக்கும், அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

முன் ஃபோர்க்கையும் விடக்கூடாது. 1990ஐ ஒட்டி ராக்‌ஷாக்ஸின் சஸ்பென்ஷன் ஃபோர்க் கடைக்கு வந்ததும், பழைய ஃபிரேம்களிலும் பலர் அதை மாட்டினார்கள். அது உயரம் கூடியது. வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

1987 ஃபிரேமில், ‘எஸ்’ என்று தொடங்கும் 1994இன் டெரெய்லர் ஒன்று இருந்தால் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள், அதைக் கழற்றிவிட்டு ‘கே’ எழுத்துள்ளதைத் தேடி அலைவார்கள். நான் அதை அப்படியே விட்டுவைப்பேன். ஏழு வருஷம் மலையில் ஓட்டி முதலாவதைத் தேய்த்த ஒருவர், வண்டியைத் தூக்கிப் போடாமல் காசு கொடுத்து மாட்டியது அது.