கான் சாகிபின் வரலாறும் பிறர் காத்த காகிதங்களும்

1757ஆம் ஆண்டு திண்டுக்கல்லிலிருந்து இறங்கிய ஹைதர் அலியின் படை சோழவந்தான் கோட்டையைக் கைப்பற்றி, மதுரையின் மதில்வரை சூறையாடியது. நத்தம் கணவாயருகே அப்படையை முறியடித்தவர், மக்களால் கான் சாகிபு என அழைக்கப்பெற்ற முகம்மது யூசுப்கான். அக்காலச் செய்திகள் பலவும் கும்பினி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் வழியாகவே நமக்குக் கிடைத்துள்ளன.

ஓர்ம் (1728–1801) சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராயிருந்தவர். தம்மிடம் சேர்ந்த கடிதங்களையும் குறிப்பேடுகளையும் வரைபடங்களையும் இறுதிவரை பேணிக் காத்தார். அவர் மறைவுக்குப்பின் கும்பினியைச் சேர்ந்த அச்சொந்தக் காகிதங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றுக்கு 1916இல் அட்டவணை வெளியிட்ட எஸ்.சி. ஹில் என்பவரே, 1914இல் யூசுப்கானின் வரலாற்றையும் எழுதினார்.

ஹில்லின் நூல் உழைப்பு மிக்கது. கான் சாகிபின் போர்த்திறனையும் நிர்வாகத் திறனையும் மனந்திறந்து பாராட்டுவது. ஆயினும் நூலின் தலைப்பே அவரைக் ‘கலகக்காரத் தளபதி’ என்கிறது. 1759இல் மதுரை, நெல்லைச் சீமைகளின் நிர்வாகத்தை ஏற்றவர், யாருக்கு அடங்கியவர்? நவாபு முகம்மது அலிக்கா, கும்பினிக்கா? தகராறின் வேர் இதுவே. 1764 அக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டதோடு வென்றவர்களின் விடையே வரலாறாகிவிட்டது. கான் சாகிபு சென்னைக்கு எழுதிய கடிதங்களைக்கூடக் கும்பினி ஏடுகளில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே காண்கிறோம்.

வழக்காடும் இருவரில் மற்றவரின் சொல்லையும் கேட்குமுன் தீர்ப்புரைக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். வரலாற்றாசிரியருக்கும் இந்நெறி பொருந்தும். ஆனால் மறுதரப்பின் காகிதம் இல்லாதபோது அவர் எதைக் கேட்பார்? நா. வானமாமலை 1972இல் பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல் மக்களின் பரிவைக் காட்டுகிறது. எனினும் கணக்கேடும் குடும்பக் கடிதமும் சொல்லக்கூடியதைக் கதைப்பாடலிடம் எதிர்பார்க்க இயலாது.

இக்குறை ஒரு தளபதியோடு முடிவதன்று. சிதைந்த முஸ்ஹபுகளைக் கண்ணியத்தோடு அடக்கம் செய்வதும் நீரில் சேர்ப்பதும் நம் வழக்கம். ஆனால் அரபு எழுத்தில் இருப்பதாலேயே அறபுத்தமிழ்க் கடிதங்களும், மஹர்க் கணக்குகளும், கடன் பத்திரங்களும், வக்பு ஆவணங்களும் அவற்றோடு சேர்ந்து போய்விடுகின்றன. கடனை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கெய்ரோ யூதர்களும் இத்தகைய மரியாதையால்தான் எழுத்துள்ள காகிதங்களைத் தொழுகைக்கூடத்தின் அறையொன்றில் போட்டு வைத்தனர். ஹீப்ரு எழுத்தில் அரபு மொழியில் அமைந்த வணிகர் கடிதங்களும் அவற்றில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றுள் பெரும்பகுதி கேம்பிரிட்ஜை அடைந்தது. மலபார்க் கரையில் வாழ்ந்த வணிகரின் குடும்பச் செய்திகளைக்கூட அறிஞர் கோய்டைன் அவற்றிலிருந்தே மீட்டெடுத்தார்.

ஆகவே, பழைய பெட்டியைத் திறக்கும்போது அரபு எழுத்து அறிந்த ஆலிம் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்வது நலம். வேதவசனம் எது, பாட்டனாரின் கணக்கு எது என அவர் பிரித்துத் தருவார். முன்னதற்குரிய கண்ணியத்தை முன்னதற்குச் செய்வோம். பின்னதை அரபுக் கல்லூரி நூலகத்திலோ, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ காட்டி, குறைந்தது ஒரு படியேனும் எடுத்து வைப்போம். நம் தரப்புச் சாட்சியை நாமே கரைத்துவிட்டு, பிறர் எழுதிய தீர்ப்பைக் குறைகூறுவதில் நியாயமில்லை.