ஒரு மாணவர் மியூசிக் வீடியோவும், டைட்டிலில் வராத ஒரு பேரும்

போன மாசம் அக்கா மகன் ஒரு லிங்க் அனுப்பினான். "மாமா, எங்க டீம் எடுத்த மியூசிக் வீடியோ. பாத்துட்டு உள்ளதைச் சொல்லுங்க" என்று கூடவே ஒரு வரி. கல்லூரி விழாவுக்காக ஆறு பேர் சேர்ந்து திருநாவலூரில் இரண்டு நாளில் எடுத்தது. சரியாக நாலு நிமிஷம். உள்ளதைச் சொல்லச் சொன்னால் நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிடுவேன், வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அவனிடம் போனில் சொன்னதை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதி வைக்கிறேன். கல்லூரி பேரோ மாணவர் பேரோ வேண்டாம். இதே தவறுகளை வேறு பல மாணவர் வீடியோக்களிலும் பார்த்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். பாட்டு கெடிலம் ஆற்று மணலில் ஆரம்பிக்கிறது. பிறகு கழனி. நடவு நட்டுக்கொண்டே ஒரு ஆயா இரண்டு வரி பாடுகிறார், மற்ற பெண்கள் வாங்கிப் பாடுகிறார்கள். பதினெட்டு வினாடிதான். அந்தப் பதினெட்டு வினாடியில் காற்று இருக்கிறது, சேற்றில் கால் மாற்றும் சத்தம் இருக்கிறது, குனிந்து நிமிரும் மூச்சும் இருக்கிறது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்புறம் பீட் விழுகிறது. பசங்க ராப் பாடுகிறார்கள். வரிகள் மோசமில்லை, ஊரைவிட்டு வேலைக்குப் போனவர்களைப் பற்றி அவர்களே எழுதியது. ஆயாவின் முதல் வரி வெட்டி எடுக்கப்பட்டு, பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. பதினோரு தடவை எண்ணினேன்.

இனி குறைகள். எளிதானதில் ஆரம்பிக்கிறேன்.

ஒரு பெண் தூரத்து வரப்பில் நின்று பாடுகிறாள். உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். எடிட்டிங்கில் எவ்வளவோ தள்ளிப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை என்றான் மருமகன். "ஸ்பீக்கர் எங்கடா இருந்துச்சு?" என்றேன். கேமரா பக்கத்தில். அவள்? நாற்பது மீட்டர் தள்ளி. பிரச்சினை அங்கேதான். ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். நாற்பது மீட்டரைக் கடக்க 0.12 வினாடி. முப்பது பிரேம் வீடியோவில் அது மூன்றரை பிரேம். கேமரா மைக்கில் பதிவான பாட்டை வைத்து ஒத்திசைத்தால், அவள் உதடு மூன்றரை பிரேம் பிந்தியேதான் அசையும். ஒலி பிந்தினால் கண் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், முந்தினால் பொறுக்காது. ஒலிபரப்புத் துறையில் மேற்கோளாகச் சொல்லும் ஐடியு அளவுகளின்படி, ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிய ஆரம்பிக்கும், பிந்தினால் 125 வரை தெரியாது. இங்கே 120 முந்துகிறது. ஸ்பீக்கரைப் பாடுபவரின் காலடியில், பிரேமுக்கு வெளியே வைத்திருந்தால் வேலை முடிந்தது. செலவு பூஜ்யம்.

இரண்டாவது, கோயில் தெருவில் சாயங்காலம் எடுத்த நீண்ட ஷாட். ஆரம்பத்தில் சரியாக இருந்த உதடு போகப் போக நழுவுகிறது. வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் தானாகவே பிரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். ஒரு வினாடிக்கு முப்பது, அடுத்ததற்கு இருபத்தாறு என்று மாறும். சில எடிட்டிங் மென்பொருள்கள் இதில் குழம்பிவிடும். பிரேம் எண்ணிக்கையைப் பூட்டி வைக்கிற கேமரா ஆப் வேண்டும். அல்லது எடிட் தொடங்கும் முன் ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச மென்பொருளில் ஒரே சீரான எண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் அனுபவத்தில் வந்துவிடும். பெரிய குறை திட்டமிடலில்தான். இரண்டு நாளில் முந்நூறுக்கு மேல் கிளிப் எடுத்திருக்கிறார்கள், ஷாட் பட்டியல் என்று ஒரு காகிதம்கூடக் கிடையாது. முதல் நாள் பாதி, வாடகை டிரோனோடு போய்விட்டது. பிறகு மூன்று வாரம் எடிட்டிங், கலர், எஃபெக்ட். டிஜிட்டல் கருவி என்றாலே எடுத்த பிறகு உட்கார்ந்து சரிசெய்வது என்று நினைத்துவிட்டார்கள். என் தொழிலிலும் இதே கதைதான். யோசிக்காமல் எழுதின கோடுக்கு டெஸ்டிங்கில் வைத்தியம் பார்ப்போம்.

கனடாவில் மான்ட்ரியல் நகரிலிருக்கும் க்யூபெக் பல்கலைக்கழக மாணவர்கள் 2009 செப்டம்பர் 10 அன்று எடுத்த வீடியோவை இவனுக்கு அனுப்பினேன். 'ஐ காட்டா ஃபீலிங்' பாட்டுக்கு 172 பேர் உதடசைக்கிறார்கள். கல்லூரிக் கட்டடத்தின் தாழ்வாரங்கள், படிக்கட்டுகள் வழியாகக் கேமரா போய்க்கொண்டே இருக்கும், நடுவில் வெட்டே கிடையாது. எடுத்து முடிக்க ஆன நேரம் இரண்டேகால் மணி. எந்த வரிக்கு யார், எந்தத் திருப்பத்தில் நிற்கிறார் என்பது அதற்கு முன்பே தீர்மானமாகியிருந்தால்தான் இது நடக்கும். அதில் எஃபெக்ட் எதுவுமில்லை, அந்தத் தீர்மானத்தைத்தான் நாம் ரசிக்கிறோம்.

இவர்கள் பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு 100 தட்டு. ஒரு தட்டு 0.6 வினாடி, முப்பது பிரேம் வீடியோவில் சரியாகப் பதினெட்டு பிரேம். நாலு நிமிஷத்துக்கு 400 தட்டு. நாலு நாலாகக் கூட்டினால் நூறு. அதாவது இந்த வீடியோ நூறு வரி கொண்ட ஒரு ஸ்ப்ரெட்ஷீட். வரிக்கு வரி ஆரம்ப நேரம், பாட்டு வார்த்தை, இடம், ஆள், ஷாட், எந்த நேரத்து வெயில் என்று நிரப்பிவிட்டு, இடத்தை வைத்து வரிசைப்படுத்தினால் படப்பிடிப்பு அட்டவணை தயார். வெயில் எந்த மணிக்கு எந்தத் திசையில் விழும் என்பதை சன்கால்க் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஸ்டில் போட்டோக்களைப் பாட்டோடு அடுக்கி, நாலு நிமிஷ மாதிரி ஒன்று செய்து பார்க்கலாம். இத்தனையும் ஒரு பழைய லேப்டாப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிகிற வேலை.

திட்டமில்லாததால் இடமும் வீணாகிவிட்டது. கோபுரம் ஏழு தடவை வருகிறது, ஏழும் டிரோனில். எந்த ஊர்க் கோபுரமாகவும் இருக்கலாம். 2017 ஜனவரியில் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' வீடியோவை ஒப்பிட்டுப் பாருங்கள். கபேர் வாசுகி வரிகள், ரதீந்திரன் பிரசாத் இயக்கம், டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் அந்தக் கழிமுகத்திலேயே நின்று பாடுவார். பாட்டு எதைப் பற்றியதோ அந்த இடமே படத்தில் இருக்கிறது, அங்கே இடத்தை மாற்றினால் பாட்டே இல்லை. நம் பசங்க ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றிப் பாடுகிறார்கள். உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருக்கிறது, சென்னைக்கும் திருச்சிக்கும் பஸ் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தச் சாலை ஒரு ஷாட்டில்கூட இல்லை.

இப்போது ஆயாவின் குரலுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அதுதான்.

அவர் பாடியது கடிகார வேகத்தில் இல்லை. நாற்றுமுடி கைமாறும்போது தாமதிக்கும், அடுத்த அடி வைக்கும்போது விரையும். இதை 100 தட்டு பீட்டுக்குள் உட்கார வைக்க இழுத்தும் சுருக்கியும் இருக்கிறார்கள். போதாததற்கு ஆட்டோட்யூன். 1997இல் வந்த அந்த மென்பொருளும் அதன் வழிவந்தவையும், சும்மா விட்டால் குரலைப் பக்கத்திலிருக்கும் பியானோக் கட்டைக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தும். ஆயா இரண்டு சுரங்களுக்கு நடுவே குழைந்து இறங்குகிற இடம், இதில் படிக்கட்டாகிவிட்டது. முதல் பதினெட்டு வினாடியில் சிலிர்த்த அதே வரி, ஏழாவது தடவை கேட்கும்போது ரிங்டோன் மாதிரி இருந்தது.

வேறு வழி இருந்தது. ஆடாசிட்டியில் அவர் பாட்டை ஓடவிட்டு, தட்டு விழும் இடத்திலெல்லாம் ஒரு லேபிள் போட்டுக்கொண்டே போகலாம். அந்த லேபிள்களை டெக்ஸ்ட் கோப்பாக எடுத்தால் நேரப் பட்டியல் கையில். அதற்கேற்ப பீட் நெளிந்து போகட்டும். வேலை கூடுதல்தான், ஆனால் மெஷின் ஆயாவின் பின்னால் போகும். இப்போது ஆயா மெஷினின் பின்னால் ஓடுகிறார்.

கடைசியாக டைட்டில் கார்டு. டிரோன் வாடகைக்குக் கொடுத்தவருக்கு நன்றி. எடிட்டிங் ஆப் பேர், பீட் இறக்கிய தளத்தின் பேர், டீ வாங்கிக் கொடுத்த நண்பன் பேர். ஆயா பேர் இல்லை.

எந்த ஊரில் எடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். ஏழாம் திருமுறையில் அவர் பதிகங்கள் 100, பாடல்கள் 1026 கிடைத்திருக்கின்றன, பண்வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான பதிகங்களின் கடைசிப் பாட்டில் பாடியவர் பேர் வரும். ஆரூரன், ஊரன், நாவலூரன் என்று சொல்லிக்கொள்வார். அதாவது தன் பேரோடு இந்த ஊரின் பேரையும் சேர்த்துப் பாட்டுக்குள்ளேயே தைத்துவிட்டார். ஏடு பெயர்த்து எழுதுபவர் விட்டுவிட முடியாது, விட்டால் பாட்டு உடையும். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் யார் பாடியது என்பதில் நமக்குக் குழப்பமில்லை. அந்த ஊர்க் கழனியில் போன மாசம் பாடியவர் யார் என்பது நாலு நிமிஷத்தில் தொலைந்துபோய்விட்டது.

இது சின்ன விஷயமில்லை. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எல்லோரும் கேட்டிருப்போம். அறிவு தன் பாட்டி வள்ளியம்மாவின் வாழ்க்கையிலிருந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத்து உழைப்பின் நினைவிலிருந்து எடுத்த வரிகள். அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு பத்திரிகை அட்டையில் அவர் விடுபட்டார், 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு பாடப்பட்டது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று பெரிய விவாதமே நடந்தது. கோடிக்கணக்கான பேர் பார்த்த பாட்டை எழுதியவருக்கே இந்த நிலைமை என்றால், கழனியில் நிற்கிற ஆயாவுக்காக யார் கேட்பார்கள்? அதனால்தான் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டில் இன்னொரு பத்தி வேண்டும் என்கிறேன். குரல் யாருடையது, எதற்காகப் பதிகிறோம் என்று சொன்னோமா, பேர் போடச் சம்மதமா. எடுக்கும் நாளிலேயே நிரப்பிவிட வேண்டிய பத்தி இது. எடிட்டிங் மேசைக்கு வந்த பிறகு எந்த மென்பொருளும் நிரப்பித் தராது.

போனில் இதெல்லாம் சொல்லிவிட்டு, "சரி, அந்த ஆயா பேர் என்னடா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தெரியல மாமா. நாங்க கேக்கல."

அடுத்த சனிக்கிழமை அவனும் இன்னொரு பையனும் பைக்கில் போய் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆயாவுக்கு வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். முழுக்கப் பார்த்துவிட்டு, "ஒரு வரியையே எத்தினி தபா பாட வெச்சிருக்கீங்க? மீதிப் பாட்டு எங்க?" என்று கேட்டாராம். மீதியையும் பாடிக் காட்டியிருக்கிறார், பதினோரு நிமிஷம். இந்தத் தடவை பீட் இல்லாமல் அப்படியே பதிந்துகொண்டு வந்திருக்கிறான். வீடியோவின் டைட்டிலில் பேர் சேர்க்கவும் சம்மதம் வாங்கியிருக்கிறான். இங்கே எழுத நான் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

அந்தப் பதினோரு நிமிஷத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை லேபிள் போட உட்கார வேண்டும்.