மெஷினுக்குத் தெரியலயே

ஆதார் பற்றிப் பேச்செடுத்தால் என் நண்பர் வட்டம் இரண்டே நிமிடத்தில் கட்சி பிரிந்துவிடும். இந்த நாட்டில் நடந்த ஆகப்பெரிய தொழில்நுட்பச் சாதனை என்பார்கள் ஒரு பக்கம். அரசு நம் கழுத்தில் மாட்டிய கயிறு என்பார்கள் மறுபக்கம். இரு தரப்புமே அவரவர் வேதப் புத்தகத்தை என் கையில் திணித்திருக்கிறார்கள். நந்தன் நிலேகனியும் வைரல் ஷாவும் எழுதிய 'ரீபூட்டிங் இந்தியா' (2015) ஒன்று. பொருளியலாளர் ரீதிகா கேரா தொகுத்த 'டிசென்ட் ஆன் ஆதார்' (2019) இன்னொன்று. வருஷக்கணக்கில் அலமாரியில் தூங்கிய இரண்டையும் போன மாதம் அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். எடுக்க வைத்தது ஒரு ரேஷன் கடை வரிசை.

கொட்டிவாக்கத்தில் கடலோரமாகக் குப்பம். கொஞ்சம் தள்ளி, ஓஎம்ஆர் கம்பெனிகளுக்கு ஓடுகிற என்னைப் போன்றவர்களின் அடுக்ககங்கள். வரிசையில் எனக்கு முன்னால் மீன் விற்கும் ஓர் ஆயா நின்றிருந்தார். மெஷினில் வலது கட்டைவிரலை வைத்தார், ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு இடது கையை வைத்தார். ம்ஹூம். காலமெல்லாம் செதிலும் உப்பும் ஐஸும் தேய்த்த விரலில் ரேகை என்று என்ன மிஞ்சியிருக்கும்?

"இன்னாப்பா, என் மூஞ்சி உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுது ஆயா. மெஷினுக்குத் தெரியலயே."

ஓடிபி போட்டுப் பார்க்கலாம் என்றார் கடைக்காரர். பதிவான போன் பேரனுடையது, பேரன் கடலுக்குப் போயிருந்தான். "சாயங்காலம் அவன இட்டுனு வா ஆயா." ஆயா காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். அடுத்து நான். என் கட்டைவிரலை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. கீபோர்டு தட்டுகிற விரல், தேய என்ன இருக்கிறது?

அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டுதான் இரண்டு புத்தகங்களையும் படித்தேன். ஆயாவை எந்தப் பக்கத்திலாவது பார்ப்பேனா என்று தேடினேன் என்றே சொல்லலாம்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொறியாளனாகப் பார்த்தால் ஆதாரின் மூல வடிவமைப்பு அழகானது. அந்த 12 இலக்கங்களில் நம்மைப் பற்றிய எந்தச் செய்தியும் கிடையாது. பிறந்த வருஷம், ஆணா பெண்ணா, எந்த மாநிலம், எதுவும் அதிலிருந்து தெரியாது. இது எவ்வளவு பெரிய முடிவு என்பதை இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண்ணோடு வைத்துப் பார்த்தால் புரியும். அதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டிக்கொள்வார்கள். ஓர் எண்ணை எட்டிப் பார்த்து ஒருவரின் வயதையும் பாலினத்தையும் படித்துவிடலாம். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு செக்பாயிண்டில் நிற்பது என்றால் என்னவென்று ஈழத்தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாயைத் திறக்காத எண் எவ்வளவு மரியாதையானது!

பெயர் விஷயமும் அப்படித்தான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட ஊர் நம்முடையது. நமக்கு இனிஷியல் போதும். பான் கார்டு படிவமோ 'லாஸ்ட் நேம்' கேட்டு, இனிஷியல் கூடாது என்று நிற்கும், அப்பா பெயர் நம் குடும்பப் பெயராகிவிடும். ஆதாரில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம். சாதி, மதம் கேட்கவே இல்லை. (பிற்பாடு பானையும் ஆதாரையும் இணைக்கச் சொன்னபோது, இந்த ஒற்றைக் கட்டமும் அந்த மூன்று கட்டமும் மோதி எத்தனை தமிழர்கள் அலைந்தார்கள் என்பது தனிக் கதை.)

இன்னொரு நுணுக்கம், கடைசி இலக்கம். அது வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதவியலாளரின் முறைப்படி மற்ற 11 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. எண்ணைத் தட்டும்போது ஒரு இலக்கம் தப்பானாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதாவது, தட்டச்சு செய்கிறவர் தவறுவார் என்று வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே எதிர்பார்த்து, அதற்காக ஒரு முழு இலக்கத்தையே ஒதுக்கியிருக்கிறார்கள்.

விரல் தவறும் என்பதற்கு என்ன ஒதுக்கினார்கள்? பதிவின்போது பத்து விரல், இரண்டு கருவிழி, முகம் எல்லாவற்றையும் எடுத்தார்கள், உண்மைதான். ஆனால் ரேகை ஒப்பீடு என்பது அடிப்படையில் ஒரு நிகழ்தகவு. 'இந்த ரேகை அந்த ரேகையோடு இவ்வளவு ஒத்துப்போகிறது' என்று ஒரு மதிப்பெண் வரும், எங்கோ ஒரு கோடு கிழித்து அதை ஆம் அல்லது இல்லை என்று ஆக்குவார்கள். கடைக்கு வந்து சேர்வது அந்த ஒற்றை எழுத்துதான், 'ஒய்' அல்லது 'என்'. இயந்திரத்துக்கு உள்ளே இருந்த சந்தேகம் வெளியே வரும்போது தீர்ப்பாகிவிடுகிறது. அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி விகிதம் 88 சதவீதம் என்று 2018இல் உச்ச நீதிமன்றத்தில் ஆணையமே சொன்னது. தோல்வி என்றால் மறுப்பு ஆகாது, மாற்று வழிகள் உண்டு என்பது அவர்கள் வாதம்.

'ரீபூட்டிங் இந்தியா' இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவின் டெம்ப்லி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் எண் கொடுக்கப்பட்டது, ஆறு வருஷத்துக்குள் 100 கோடியைத் தொட்டது. அந்த வேகத்தைச் சாதித்தவர்களின் தன்னம்பிக்கை புத்தகம் முழுக்க ஓடுகிறது, பல இடங்களில் அது தொற்றிக்கொள்ளவும் செய்கிறது. தொழில்நுட்பத்தால் அரசு ஆண்டுக்கு 1 லட்சம் கோடி ரூபாய் மிச்சப்படுத்தலாம் என்பது அதன் பெரிய வாக்குறுதி. ஆனால் அந்தப் பார்வையில் மக்கள் எப்போதும் கோடிகளில்தான் வருகிறார்கள். ஸ்கேல் பற்றி யோசித்துப் பழகிய மூளைக்கு 88 என்பது நல்ல எண், மிச்சம் 12 அடுத்த வெர்ஷனில் சரியாகும். எனக்கும் அதே மூளைதான் என்பதால் எனக்கு இது புரிகிறது.

கேராவின் தொகுப்பு அந்த 12இல் இருந்து தொடங்குகிறது. கேராவும் ழான் திரேஸும் பல வருஷமாகச் சொல்லிவரும் வாதம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ரேஷனில் நடக்கும் திருட்டில் பெரும்பகுதி ஆள்மாறாட்டம் கிடையாது, அளவில் குறைப்பது. 20 கிலோ என்று எழுதிவிட்டு 18 கிலோ போடுகிறவரைக் கைரேகை எப்படிப் பிடிக்கும்? வாங்கியவர் உண்மையான ஆள்தானே. நோய் ஒன்று, மருந்து வேறொன்று. எளிய வாதம், ஆனால் நிலேகனியின் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

2017 செப்டம்பர் 28 அன்று ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் குடும்பத்தின் ரேஷன் அட்டை ரத்தாகியிருந்தது, பட்டினியால் இறந்தாள் என்றார்கள் குடும்பத்தாரும் செயற்பாட்டாளர்களும். மலேரியா என்றது அரசுத் தரப்பு. அக்டோபர் 24 அன்று, ரேஷன் முதலான திட்டங்களில் 'எக்ஸப்ஷன் ஹேண்ட்லிங்' எப்படிச் செய்ய வேண்டும் என்று ஆணையம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு ஓர் இடம் உண்டு. கோடு எழுதும்போதே எழுத வேண்டியது அது. முதல் எண் கொடுத்து ஏழு வருஷம் கழித்துச் சுற்றறிக்கையில் வருவது கிடையாது.

இத்தனைக்கும் பிறகு, 'டிசென்ட்' தொகுப்பிலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. வழக்கு நடந்த காலத்தின் சூடு அதில் அப்படியே தங்கிவிட்டது. அந்தரங்க உரிமை, பண மசோதாவாக நிறைவேற்றிய தந்திரம் எல்லாம் நீதிபதிகளை நோக்கிப் பேசும் குரலில் வருகின்றன. 2018 செப்டம்பரில் நான்குக்கு ஒன்று என்று தீர்ப்பு வந்தபோது அந்தக் குரலைக் கேட்டவர் சந்திரசூட் ஒருவர்தான். வாதத்தின் உச்சத்தில் எப்போதும் ஒரு மரணமோ முழு மறுப்போ நிற்கிறது. நிற்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஆயா அதிலும் இல்லை.

தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் உண்டு. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் மாநிலம் சேர்ந்தபோதுதான் விரல்ரேகை நம் கடைகளுக்கு வந்தது. அதற்கு முன்பே அந்தப் புத்தகம் வந்துவிட்டது. இங்கே யாரும் பட்டினியால் சாகவில்லையே, என்ன பிரச்சினை என்று கேட்கலாம். மறுநாள் கடைக்காரரிடம் விசாரித்தேன். ஆயா சாயங்காலம் பேரனோடு வந்து அரிசி வாங்கிப் போய்விட்டாராம். ஆக, சர்வரில் என்ன பதிவாகியிருக்கும்? மூன்று தோல்வி, ஒரு வெற்றி. மறுப்பு, பூஜ்யம். வெயிலில் இரண்டு நடை, வரிசையில் எல்லார் முன்பும் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தது, பேரன் அன்றைக்குச் சீக்கிரம் கரை திரும்ப வேண்டியிருந்தது, இது எந்தப் பத்தியிலும் ஏறாது. இயந்திரத்தின் சந்தேகத்துக்கான கூலியை ஆயா கொடுத்துவிட்டார். கொடுத்ததற்கு ரசீது இல்லை.

கடைக்காரரின் அந்தப் பதில்தான் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அவருக்குத் தெரியும். தெரிந்தும் பயனில்லை. முன்பு அவர் தெரிந்துவைத்திருந்ததற்கு ஓர் அதிகாரம் இருந்தது. சரி, அந்த அதிகாரம் யோக்கியமானதா என்றால், அதுவும் இல்லை. வேண்டியவருக்கு ஒரு கை கூடுதலாக, வேண்டாதவருக்கு 'ஸ்டாக் இல்ல'. ஆளைத் தெரியும் என்பதற்குள் சாதியும் தெரியும் என்பதும் சேர்ந்துதான் இருந்தது. முகம் தெரியாத இயந்திரத்தை நிலேகனி நம்புவதில் ஒரு சமத்துவக் கனவும் இருக்கிறது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த மனிதரிடமாவது ஆயா சண்டை போடலாம். 'என் மூஞ்சி தெரியாதா' என்று கேட்கலாம். 'என்' என்ற ஒற்றை எழுத்திடம் என்ன கேட்பது?

இதை நான் வெளியில் நின்று சொல்ல முடியாது. 2017இல் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஆதார் வழி கேஒய்சி மாட்யூலை எழுதியவர்களில் நானும் ஒருவன். 'என்' என்ற பதிலோடு ஒரு பிழை எண்ணும் வரும். 300 வந்தால் ரேகை பொருந்தவில்லை என்று அர்த்தம். அதற்குத் திரையில் என்ன காட்டலாம் என்ற கேள்வி வந்தபோது, 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று தட்டியது நான்தான். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மூன்றாவது முறையும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று டெஸ்டிங்கில் இருந்த பெண் ஒரு டிக்கெட் போட்டாள். முன்னுரிமை குறைவு என்று குறித்து ஓரமாக வைத்தோம். அடுத்த வருஷம், தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த இடம் கொடுத்த 57ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியது. மாட்யூலைத் தூக்கச் சொன்னார்கள். திறந்திருந்த டிக்கெட்டுகளை வரிசையாக மூடிக்கொண்டே வந்தேன். அந்த டிக்கெட் வந்ததும் காரணம் கேட்டது, கீழே இருந்த பட்டியலில் 'இனி தேவையில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.